நாலு நிமிஷக் கடல்

ஆல்ட்ரின் பஹ்ரைனிலிருந்து அனுப்பிய மைக்ரோவேவ் பெட்டியில் முதல் மீன் வெந்த அன்று, அதன் கண்ணாடிக் கதவில் கடல் தெரிந்தது. அவன் தங்கை லிட்வினுக்கு அப்போது மீன் வெந்ததா இல்லையா என்பதுதான் கவலை. இரண்டு துண்டு விளமீன், மஞ்சள்தூள், உப்பு, நசுக்கின காந்தாரி மிளகாய் நாலு, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு நிமிஷம். மேலே மூடி போடச் சொல்லி ஆல்ட்ரின் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், அவள் போடவில்லை. மூடி வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? இரண்டாவது நிமிஷத்தில் ஆவி எழும்பிக் கதவின் உள்பக்கம் அப்பியது. ஆவி என்றால் வழிய வேண்டும், இது வழியவில்லை, ஒரு சொட்டு தடித்தும் ஒரு சொட்டு மெலிந்தும் அதது தனக்குப் பிடித்த இடத்தில் போய் நின்றுகொள்ள, முதலில் அலை வந்தது, பிறகு ஒரு வள்ளத்தின் முன்மூக்கு வந்தது, அதற்கும் அப்பால் தென்னை வரிசையும் சூசையப்பர் கோயில் கோபுரமும் கோபுரத்துக்குப் பின்னால் இரட்டைப்பொத்தை மலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. மணி அடித்துப் பெட்டி நின்றது. ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம் அந்தப் படம் அப்படியே நின்றது, பிறகு கலைந்து கீழே வழிந்து போயிற்று.

லிட்வின் பக்கத்து வீட்டு கிளாடிஸ் மைனியைக் கூப்பிட்டு இன்னொரு துண்டை வைத்துக் காட்டினாள். மைனி கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக மீன் விற்கிறவள், எதையும் இரண்டு தடவை பார்க்க நேரமில்லாதவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு நிமிஷமும் பார்த்தாள். உன் அப்பன் இன்றைக்குக் கோயிலுக்கு நேர் தெற்கே நின்றிருக்கிறார், வள்ளத்து மூக்கில் அவருடைய பீடிக்கட்டு கூட இருக்கிறது பார் என்றாள். பிறகு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, உப்பு போதாது என்றாள்.

அவ்வளவுதான். வெள்ளமணல்துறையில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. தினம் விடியும் முன்னால் கரையே தெரியாத தண்ணீருக்குள் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு, கண்ணாடியில் கடல் தெரிவதற்கெல்லாம் செலவழிக்க ஆச்சரியம் மிச்சமில்லை. ஊரில் இன்னும் இரண்டு வீட்டில் இதே மாதிரிப் பெட்டி இருந்தது, அவற்றில் வெறும் ஆவிதான் வந்தது. ஏன் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டு முருங்கை காய்க்கிறது, இன்னொரு வீட்டு முருங்கை காய்க்கவில்லை, அதற்கெல்லாம் விசாரணை வைப்பார்களா? அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, இதை வைத்து என்ன செய்யலாம் என்பது.

நிறையச் செய்யலாம் என்று ஒரே வாரத்தில் தெரிந்தது. மீனைத் தூக்குகிற நேரம் பிடித்தவன் கண் எதைப் பார்த்ததோ அதுதான் கண்ணாடியில் வரும் என்பது புரிந்ததும், டெம்போவில் மீன் கொண்டு வருகிற வியாபாரி இன்று காலை பிடித்தது என்று சத்தியம் செய்து விற்ற அயிலையைப் பெண்கள் கூட்டமாக எடுத்துக்கொண்டு லிட்வின் வீட்டுக்கு வந்தார்கள், கண்ணாடியில் யாரும் பார்த்திராத ஏதோ ஒரு கரையும் சிவப்புப் பட்டை போட்ட விளக்குமரமும் வந்தன, அடுத்த நாளிலிருந்து அந்த ஆள் டெம்போவை நிறுத்தியதும் நாலு நாள் ஐஸில் கிடந்தது, வேண்டுமென்றால் எடு, வேண்டாமென்றால் விடு என்று தானாகவே சொல்லத் தொடங்கினான். வள்ளக்காரன் ஈனாசி பிடித்த சாளையை வேகவைத்தபோது ஒரு மொட்டை மாடியும் அதில் துணி காயப்போடுகிற ஒருத்தியும் வந்தார்கள், மாடி யாருடையது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், ஈனாசியின் மனைவிக்கும் தெரியும், அந்த மனிதன் பத்து நாள் தம்பி வீட்டில் சாப்பிட்டான். போன வருஷப் புயலில் புருஷன் திரும்பி வராத சிந்தாத்திரை வாரத்துக்கு ஒருநாள் யாரிடமாவது இரண்டு நவரை வாங்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவாள், அவர் கடைசியாகப் பார்த்த தண்ணீர் இப்படித்தான் இருந்திருக்கும் என்பாள், பிறகு மீனை லிட்வினிடமே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

லிட்வினுக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவும் செய்தது, எரிச்சலாகவும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் அவள். பெரிய துக்கக் கதை ஒன்றும் கிடையாது, வேதியியல் பிடிக்கவில்லை, விட்டுவிட்டாள். எட்டு வயதில் அம்மா போனபிறகு வீட்டில் அவளும் அப்பா சிறிலூஸும் ஆல்ட்ரினும், பிறகு அவளும் அப்பாவும் மட்டும். அப்பா ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். அந்த வீட்டுக்குள் இப்போது பத்துப் பேர் வந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வினை மூன்றாவது வாரம் வந்தது. கடலுக்கடியில் கல்மேடுகள் உண்டு, பார் என்பார்கள், நல்ல மீனெல்லாம் அங்கேதான் அடையும். மேலே நின்று பார்த்தால் வெறும் தண்ணீர். அதைக் கண்டுபிடிக்கிற வழி கணியம்: வடக்கே கோபுரத்துச் சிலுவை மலையின் இன்ன பள்ளத்தில் விழவேண்டும், கிழக்கே விளக்குமரம் இன்ன புகைக்குழாய்க்குப் பின்னால் மறைய வேண்டும், இரண்டும் ஒரே நேரம் பொருந்துகிற இடத்தில் நங்கூரம் போட்டால் காலுக்குக் கீழே பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றிரண்டு கணியம் உண்டு, அப்பன் மகனுக்குச் சொல்லுவான், அதுவும் வள்ளத்தில் வைத்துத்தான் சொல்லுவான், கரையில் வைத்துச் சொல்லமாட்டான். இப்போது அந்தக் கணியமெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லிட்வினின் அடுக்களையில் ஆவியாக வந்து நின்றது, யார் வேண்டுமானாலும் பார்த்தார்கள். இரண்டு வள்ளக்காரர்கள் ஒரே பாரில் முட்டிக்கொண்டு துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். ஆண்கள் நல்ல மீனை வீட்டுக்குக் கொண்டு வருவதையே நிறுத்திவிட்டுச் சந்தையில் வாங்கின மீனைக் கொண்டு வந்து போட்டார்கள், பெண்கள் அதைச் சட்டியோடு தெருவில் கொட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். சாமியார் முதலில் பேசினார், இது அற்புதமும் இல்லை, பாவமும் இல்லை, கரண்டு, அதனால் மறைமாவட்ட மேற்றிராணியாருக்கு எழுதப் போவதில்லை என்றார். பெட்டியைக் கடலில் போட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். சிந்தாத்திரை எழுந்து, அப்படியானால் என்னையும் சேர்த்துப் போடுங்கள் என்றாள், அந்தப் பேச்சு அதோடு நின்றது. கடைசியில் கிளாடிஸ் மைனிதான் வழி சொன்னாள். தபசு காலத்தில் சுரூபங்களையெல்லாம் மூடுகிற ஊதாத் துணி கோயில் பீரோவில் சும்மாதானே கிடக்கிறது, அதில் ஒரு முழம் கிழித்துப் பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டால் என்ன என்றாள். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதினார்: வெளியூர் மீனை யாரும் பார்க்கலாம், ஊர்க்காரன் பிடித்த மீனைப் பிடித்தவனின் வீட்டு ஆள் மட்டும் பார்க்கலாம், மற்றவருக்குத் திரை, வீட்டு ஆளுக்குத் திரை இல்லை.

அந்தக் கடைசி வரியை லிட்வின் நன்றாக மனதில் வைத்துக்கொண்டாள். அதுதான் அவளைக் கெடுத்தது.

சிறிலூஸின் பாருக்கு அடுக்களை என்று பெயர். அவரே கண்டுபிடித்தது, அவரே வைத்த பெயர், கேட்டதெல்லாம் அங்கே இருக்கும் என்பதால். ஊரில் எல்லாருக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியும், எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியாது. அவர் அங்கே வாரத்துக்கு ஒருநாள்தான் போவார், தூண்டிலில் ஏழெட்டு மீன் ஏறியதும் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார். மூத்த மகன் என்ற முறையில் ஆல்ட்ரினிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் அவன், சொல்லுங்கள், ஜிபிஎஸ்ஸில் ஏற்றி வைத்துவிடுகிறேன் என்றான். மிஷினில் ஏறின பார் பாராக இருக்காது என்று அப்பா அன்றோடு வாயை மூடிக்கொண்டார். அவன் ஏசி மாட்டுகிற வேலைக்கு பஹ்ரைன் போனான். மூன்று வருஷமாக அப்பனும் மகனும் பேச்சு இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் லிட்வின் மட்டும் ஒரு கயிறு மாதிரிக் கிடந்தாள்.

அங்கே பன்னிரண்டு மணி, இங்கே இரண்டரை. தினம் அந்த நேரத்துக்கு ஆல்ட்ரின் வீடியோவில் வருவான். லிட்வின் போனை உப்புப் பரணியில் சாய்த்து வைப்பாள், மீனைப் பெட்டிக்குள் வைப்பாள், நாலு நிமிஷம் இரண்டு பேரும் பேசுவார்கள். அவன் அங்கே குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துத் தின்பான், நீ வேகவைப்பதைப் பார்த்துக்கொண்டு தின்றால்தான் இது தொண்டையில் இறங்குகிறது என்பான். ஊர் விஷயம் கேட்பான், ஈனாசி கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான், அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டபோது பஹ்ரைன் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரித் திட்டினான். ஊதாத் திரை வந்த பிறகும் அவன் வந்தான். கொஞ்சம் வலத்தோட்டுத் திரும்பு மோளே, முகம் தெரியவில்லை என்பான், அவள் போனைத் திருப்புவாள். திரையைத் தூக்கிப் பிடி, மீனைப் பார்க்கிறேன் என்பான், அவள் இடது கையால் தூக்கிப் பிடிப்பாள், கோயில் திருவிழாவில் வாங்கின சிவப்பு வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு வழுக்கி இறங்கும். வீட்டு ஆள்தானே. நோட்டில் எழுதியே இருக்கிறது.

அடுக்களை மீன் வருகிற நாளில் அவன் குறைவாகப் பேசுவான். வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது போல, பாவம் என்று அவள் நினைத்தாள். அதனால் அந்த நாளில் திரையை இன்னும் நன்றாகத் தூக்கிப் பிடித்தாள்.

ஆவணி மாதம் ஒருநாள் சிறிலூஸ் ஒரு மீனும் இல்லாமல் வந்தார். கையில் இருந்ததை அடுக்களை மேடையில் வைத்தார்: ஒரு முழம் கிழிந்த பச்சை நைலான் வலை, அதில் சிக்கின ஒரு கல்விசிறி, பூ மாதிரி விரிந்த பவளம், நடுவில் ஒடிந்திருந்தது. பெரிய விசைப்படகுக்காரர்கள் இரும்புக் குண்டு கட்டி அடிமண்ணோடு இழுக்கிற மடியின் வலை அது. ஒரு தடவை இழுத்தால் போதும், பார் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். சிறிலூஸ் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார்.

"யாருட்டக் காட்டின?" என்று கேட்டார்.

"ஒருத்தருட்டயும் காட்டல்ல," என்றாள் லிட்வின். மனசாரத்தான் சொன்னாள்.

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை ஊர் பார்க்க டீக்கடைக்குப் போய்க் கஞ்சி வாங்கிக் குடித்தார். அதற்கடுத்த நாளும் குடித்தார். வெள்ளமணல்துறையில் வீட்டில் சமைக்க ஆள் இருக்கும்போது ஒருத்தர் கடையில் கஞ்சி குடிப்பதும், கோயில் மணிக்கூண்டில் ஏறி நின்று அறிவிப்பதும் ஒன்றுதான். ஊர் புரிந்துகொண்டது. பெட்டியை எப்படி அலட்டாமல் ஏற்றுக்கொண்டதோ அப்படியே இதையும் ஏற்றுக்கொண்டது: சிறிலூஸின் மகள் அப்பனின் கணியத்தை விற்றுவிட்டாள். யாருக்கு விற்றாள், எதற்கு விற்றாள் என்று கேள்வி இல்லை. பெண்கள் மீன் கொண்டு வருவதை நிறுத்தினார்கள். வேறு போக்கிடம் இல்லாத சிந்தாத்திரை மட்டும் சந்தை மீனோடு வந்தாள், ஆனால் லிட்வினின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். குழாயடியில் லிட்வினின் குடத்துக்கு அடுத்து குடம் வைக்கிறவர்கள் ஒரு சாண் தள்ளி வைத்தார்கள், அந்த ஒரு சாண் நாளாக நாளாக இரண்டு சாண் ஆயிற்று.

லிட்வின் உட்கார்ந்து யோசித்தாள். யார் பார்த்திருப்பார்கள்? ஜன்னலுக்கு வெளியே யாராவது நின்றிருப்பார்களா? கிளாடிஸ் மைனி உப்பு கேட்க வந்தது எந்த நாள்? ஊரில் உள்ள நூற்றிருபது வீட்டையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் நிறுத்தி விசாரித்தாள், ஒவ்வொரு முகத்திலும் களவு தெரிந்தது, ஒவ்வொருத்தரையும் வெறுத்து முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இரண்டரை மணிக்கு ஆல்ட்ரின் வந்தான், அவனிடம்தான் அழுதாள். அவன் குப்பூஸைக் கீழே வைத்துவிட்டு ஆறுதல் சொன்னான். அப்பா ஒரு கல் என்றான். ஊர்க்காரர்கள் நாக்கில் நல்லது வராது என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ ஒருத்தனாவது நம்பினாயே என்றாள்.

நாற்பதாவது நாள் கிளாடிஸ் மைனி வந்தாள். பெரிய துறைமுகத்து ஏலத்தில் எடுத்த கலவா மீன் ஒன்றை வெட்டிப் பாதியைச் சட்டியில் வைத்திருந்தாள். "எட்டீ, ஒனக்க அப்பன் தின்னாட்டா நீயும் தின்னக்கூடாதுன்னு சட்டமா? எலும்பும் தோலுமா நின்னா ஒன்ன நான் கூடையில வச்சு விக்கவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். அந்த ஊரில் நாற்பது நாளில் லிட்வினிடம் ஒருத்தர் பேசின முதல் முழு வாக்கியம் அது. மூன்று துண்டு இருந்தது. அவள் மஞ்சளும் உப்பும் காந்தாரியும் போட்டு ஒன்றை வைத்தாள். வெளியூர்ப் படகு மீனுக்குத் திரை வேண்டாம் என்பதால் துணியைத் தூக்கி ஆணியில் செருகினாள்.

இரண்டாவது நிமிஷத்தில் ஆவி வந்து அப்பியது. கோபுரத்துச் சிலுவை இரட்டைப்பொத்தையின் பள்ளத்தில் போய் விழுந்தது. விளக்குமரம் ஓட்டுக்கம்பெனிப் புகைக்குழாய்க்குப் பின்னால் மறைந்தது. அடுக்களைப் பார். ஆனால் அப்பாவின் மீனில் வருவதைவிட எல்லாம் கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்தது, உயரமான படகின் மேல்தட்டில் நின்று பார்த்தால் தெரிகிற மாதிரி. பிறகு, மூன்றாவது நிமிஷத்தில், கரைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு கை வந்தது. கையில் ஒரு போன். படகோட்டி போனில் உள்ள படத்தையும் கரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒப்பிட்டிருக்கிறான். அந்தப் போனுக்குள், ஆவிக்குள் ஆவியாக, ஒரு வீட்டு அடுக்களை இருந்தது. உப்புப் பரணியின் விளிம்பு இருந்தது. மைக்ரோவேவ் பெட்டி இருந்தது. ஊதாத் துணியைத் தூக்கிப் பிடித்த ஒரு இடது கை இருந்தது, முழங்கைக்கு வழுக்கி இறங்கின ஒரு வளையல் இருந்தது. படத்தின் மூலையில், வீடியோ பேசும்போது தன் முகம் தனக்குத் தெரிகிற சின்னக் கட்டத்தில், நகம் அளவுக்கு ஆல்ட்ரின் இருந்தான். வாயில் குப்பூஸ் இருந்தது. மென்றுகொண்டே எடுத்திருக்கிறான்.

மணி அடித்தது. ஒரு அருள்நிறைந்த மரியே நேரம் நின்று எல்லாம் வழிந்தது.

லிட்வின் அழவில்லை. அவள் சமையல் மேடையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். ஒருத்தரிடமும் காட்டவில்லை என்று அப்பாவிடம் சொன்னபோது, அந்த ஒருத்தரில் அண்ணனைச் சேர்க்கவே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. நூற்றிருபது வீட்டையும் விசாரித்தவள் நூற்றிருபத்தொன்றாவதாகத் தன் வீட்டை விசாரிக்கவில்லை. நாற்பது நாளாக அவள் அழுததெல்லாம் யாரிடம் என்று நினைத்தபோது, கைத்துணியைப் பிழிந்து மூன்றாவது தடவையும் துடைத்தாள்.

இரண்டு மணிக்கு சிறிலூஸ் கடையிலிருந்து வந்து, வழக்கம்போல் அவளைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். லிட்வின் வாசலை மறித்து நின்றாள்.

"அப்பா, நான் பொய் பறஞ்சேன். காட்டினது நான்தான். யாருக்குன்னு நீங்களே பாருங்க."

அந்தப் பெட்டியின் கண்ணாடியை சிறிலூஸ் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் நின்ற இடத்தை எனக்கே எதற்குக் காட்ட வேண்டும் என்பார். இன்றைக்கு லிட்வின் ஸ்டூலை இழுத்துப் போட்டாள், அவர் உட்கார்ந்தார். இரண்டாவது துண்டை வைத்தாள். நாலு நிமிஷமும் அந்த மனிதன் இமைக்கவில்லை. சிலுவை பள்ளத்தில் விழுந்தபோது அவர் கை தானாக எழுந்து, நங்கூரக் கயிற்றைத் தேடுகிற மாதிரிக் காற்றில் துழாவிவிட்டு மடியில் விழுந்தது. போன் வந்தது, அடுக்களை வந்தது, மகளின் கை வந்தது, மூலையில் மகன் வந்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் மகனின் முகத்தைப் பார்த்தது நகம் அளவில், ஆவியில். மணி அடித்தபிறகும், எல்லாம் வழிந்தபிறகும், அவர் வெறும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்து தின்னத் தொடங்கினார். லிட்வின் முதல் துண்டையும் எடுத்து வைத்து, மசித்து மயக்கின மரச்சீனிக்கிழங்கையும் பக்கத்தில் வைத்தாள். அவர் முள்ளை நிதானமாக எடுத்து ஒதுக்கினார். இது அடுக்களைக் கலவாதான், வாயில் வைத்தாலே தெரியும் என்றார். இனி கிடைக்காது என்றார். கொஞ்சம் கழித்து, பெட்டியைப் பார்த்து, அந்தத் துணியைக் கழற்றிக் கோயிலில் கொடுத்துவிடு, ஒளிக்க இனி நம்மிடம் ஒன்றும் இல்லை என்றார். அவள்மேல் அவருக்கிருந்த கோபம் போயிற்றா என்று கேட்டால், பாதி போயிற்று. மீதிப் பாதி அவளுக்குச் சேரவேண்டியதுதான் என்று அவளுக்கே தெரியும்.

இரண்டரை ஆயிற்று. போன் அடித்தது.

லிட்வின் கடைசித் துண்டைப் பெட்டிக்குள் வைத்து நாலு நிமிஷம் அமுக்கினாள். ஆணியில் செருகியிருந்த துணியை எடுத்துக் கீழே இறக்கி, இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சரி செய்தாள். போனை உப்புப் பரணியில் சாய்த்துத் துணிக்கு நேராகத் திருப்பிவிட்டு, பச்சைப் பொத்தானைத் தொட்டாள். தான் படத்தில் விழாத மாதிரித் தள்ளி நின்றுகொண்டாள்.

ஆல்ட்ரின் ஊதாத் துணியைப் பார்த்தான். சிரித்தான். எங்கே போனாய், திரையைத் தூக்கு, ஒன்றும் தெரியவில்லை என்றான். குப்பூஸ் பிய்க்கிற சத்தம் கேட்டது.

"எந்த நாள்ல இருந்து அண்ணா?" என்றாள் லிட்வின்.

என்னது என்று கேட்டான்.

"எந்த நாள்ல இருந்து நீ என்னய விட்டுட்டு கண்ணாடியப் பாக்கத் தொடங்கின? நாள் மட்டும் சொல்லு."

பெட்டி இரைந்துகொண்டிருந்தது. தரையில் அப்பா மெல்லுவதை நிறுத்தினார். ஆல்ட்ரின் முதலில் தெரியாத மாதிரி நடித்தான், பிறகு கோபப்பட்டான், பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்: மூத்த மகனுக்கு உள்ளதுதானே, அப்பா தராததை அவன் எடுத்துக்கொண்டான், அதில் களவு எங்கே இருக்கிறது, அந்த விசைப்படகில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு, ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடி மாடியாக ஏசி சுமந்தே சாக வேண்டுமா, ஒரே ஒரு தடவைதான் இழுப்போம் என்று படகுக்காரன் சொன்னான், இத்தனை தடவை இழுப்பான் என்று ஆல்ட்ரின் கண்டானா, இதெல்லாம் அவளுடைய கல்யாணத்துக்கும் சேர்த்துத்தான் என்றான்.

"என் கல்யாணத்த இதுக்குள்ள இழுக்காத. நாள் சொல்லு."

திரைக்குப் பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. காந்தாரியின் காரம் மூக்கில் ஏறியது. மூன்றாவது நிமிஷமும் கடந்து கொஞ்சம் போனபிறகு, அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி வந்தது.

"ரெண்டையும்தான் பாத்தேன் மோளே. எல்லா நாளும் ரெண்டையும்தான் பாத்தேன்."

கண்ணாடியை மட்டும்தான் பார்த்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் லிட்வின் அவனை ஒரே வெட்டாக வெட்டி எறிந்திருப்பாள், வேலை முடிந்திருக்கும். இவன் இதையும் கலக்கிக் கொடுத்துவிட்டான். முடியைக் குட்டையாக வெட்டியதற்குத் திட்டினதும் நிஜம், ஈனாசி கதைக்குச் சிரித்ததும் நிஜம், அதே வாயால் மென்றுகொண்டே படம் எடுத்ததும் நிஜம். இனி பெட்டி வந்தபிறகான எந்த மத்தியானத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் முள் இருக்கும்.

மணி அடித்தது. ஆல்ட்ரின் ஊதாத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான், லிட்வினே, லிட்வினே என்று இரண்டு தடவை கூப்பிட்டான். துணிக்குப் பின்னால் அடுக்களைப் பார் கடைசித் தடவையாக ஒரு அருள்நிறைந்த மரியே நேரம் நின்றுவிட்டு, ஒருத்தரும் பார்க்காமல் வழிந்து போயிற்று.

"வெந்துட்டு," என்றாள் லிட்வின். போனைப் பரணியிலிருந்து எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். தரையிலிருந்து அப்பா தட்டை நீட்டினார்.